வாசலில் நின்ற மாடும் சுவரில் இருந்த உண்ணியும்

வசந்தா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உனக்கு அனுப்பியிருந்தால், நீ படித்துவிட்டு நாலாக மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுவாய். பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் ஊர் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை இது. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோர்க்கிறவர் நிமிர்த்திக்கொள்ளட்டும், சொல்ல வந்ததை மட்டும் நிமிர்த்த வேண்டாம். இது அச்சாகி வரும்போது நீ மாப்பிள்ளையோடும் என் பேத்தியோடும் வடக்கே போய்ச் சேர்ந்திருப்பாய். அங்கே பெரிய ஆராய்ச்சிக்கூடம், உனக்குத் தனி அறை, உன் பேர் போட்ட பலகை என்றெல்லாம் மாப்பிள்ளை சொன்னார். முத்தாபுதுப்பேட்டையில் பால் கறந்தவள் பெண்ணுக்குப் பேர்ப்பலகை. நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீ செய்யாதே என்று சொன்ன ஒன்றை நேற்று நான் செய்துவிட்டேன். அது உனக்கு என் வாயால் தெரிய வேண்டும்.

பேரைப் போடக் கூடாது என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வார்களாம். மாடிவீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அப்போது மாடி வைத்த வீடு அது ஒன்றுதான், அதனால் யாரென்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

உனக்கு நினைவிருக்கிற அளவுக்கு உன் பெண்ணுக்குத் தெரியாது, அவளும் ஒருநாள் இதைப் படிப்பாள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதெல்லாம் பாக்கெட் பாலை யாரும் நம்பமாட்டார்கள். மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய், வாங்குகிறவர் கண்ணெதிரே, காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறக்க வேண்டும். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நானும் உன் அப்பாவும் செவலையையும் கருப்பியையும் ஓட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போவோம். மாடிவீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்று, "பால்காரம்மா, செவலை என்னைப் பாக்குது" என்று தினமும் சொல்லும். நல்ல குழந்தை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன், அந்த ஆள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் ஒரு சொட்டும் அந்தக் குழந்தைமேல் விழாது. அவர்கள் வீட்டில் சடை வைத்த நாய் ஒன்று இருந்தது. சீமை ஜாதி. வராந்தாவிலேயே படுத்திருக்கும், பாப்பா அதன்மேல் தலை வைத்துப் படுத்திருக்கும்.

ஒரு கோடையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெயில் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அந்த அம்மா தலை சீவும்போது காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி இருந்ததாம், ரத்தம் குடித்து மிளகு மாதிரி உப்பிப்போய். பிடுங்கிக் கொடுத்தாளாம், அவர் செருப்புக் காலால் நசுக்கிவிட்டாராம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நாங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தோம். துக்க வீட்டுக்குப் பால் தர வேண்டும் என்று நானே சொல்லித்தான் போனோம். அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "வராதே! இவ மாட்டு உண்ணிதான் என் குழந்தையக் கொன்னுச்சு. டாக்டரே சொல்லிட்டார். இனி இந்த மாடு தெருவுக்குள்ள வந்தா காலை ஒடைப்பேன்" என்று கத்தினார். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், தெனம் நாங்கதான் சார் கையால உண்ணி புடுங்கறோம். எங்க பொண்ணும் கூடவே புடுங்குது. அதுக்கு ஒண்ணும் ஆவலையே சார்" என்றார். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "உனுக்கும் உன் பொண்ணுக்கும் மாட்டுத் தோலுடா மாமே, எப்டி ஆவும்?" என்றான். சிரித்தார்கள், வசந்தா. குழந்தை செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

சில நாள் கழித்துச் சர்க்காரிலிருந்து பூச்சி பிடித்துப் பரிசோதிக்கிற ஆள் ஒருவர் உதவிக்கு ஒருத்தனோடு வந்தார். முதலில் மாடிவீட்டுக்குப் போய் வராந்தாச் சுவர் இடுக்கில் இடுக்கியால் நோண்டி ஏதோ எடுத்தார். அப்புறம் நம் கொட்டகைக்கு வந்து செவலையின் மடியிலும் கழுத்திலும் இருந்து உண்ணிகளைப் பிடுங்கினார். அப்போது உதவிக்காரன், "அண்ணாத்தே, ஸ்பிரிட்டு தீந்துபோச்சே" என்றான். "அதுக்கின்னா, பையில இன்னொரு பாட்டில் கீது பாரு, அத்த ஊத்து" என்றார் இவர். உன் அப்பா என் காதில், "ஸ்பிரிட்டு எவன் வவுத்துல போச்சோ" என்றார். அந்த வேளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பல வருஷம் கழித்து உன்னால்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஒருத்தரும் பால் வாங்கவில்லை. மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்தார்கள், மீட்டு வந்தால் மறுபடி அடைத்தார்கள். கடைசியில் செவலையையும் கருப்பியையும் செங்குன்றத்துத் தரகரிடம் கொடுத்தோம். கருப்பி வண்டியில் ஏறமாட்டேன் என்று முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு அறுக்கிற வேலைக்குப் போனார். மாட்டு மூச்சிலேயே வளர்ந்த மனுஷனுக்கு அந்த இரும்புத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். போகும் வரைக்கும் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் "உண்ணி வசந்தா" என்றார்கள். நீ போகமாட்டேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் படுத்துக்கொண்டாய். நான் பாயோடு உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் இறக்கினேன். வாத்தியார் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

உண்ணியைப் பற்றிப் படிக்கப் போனது அதனால் இல்லை, அந்தப் படிப்பில்தான் இடம் கிடைத்தது என்று நீ சொல்கிறாய். சொல்லிக்கொள். நான் நம்பவில்லை. வேலையில் சேர்ந்த அன்றைக்கே உன்னிடம், "அந்த உண்ணி புடிச்ச ஆள் எடுத்துகினு போன பாட்டில் எங்கடி கீது?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ பட்டாபிராமிலிருந்து ரயில் ஏறி வேலைக்குப் போய், களைத்து வீட்டுக்கு வருவாய், செருப்பைக் கழற்றும் முன்பே நான் கேட்பேன். "அம்மா, அது எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பாங்க" என்பாய். தூக்கிப் போடவில்லை. பழைய சேகரிப்பெல்லாம் வைத்திருந்த ஓர் அலமாரியில் உன் வேலையிடத்துப் பெரியவர் ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். இரண்டு குப்பி. ஒன்றில் "வீட்டுச் சுவர்" என்றும் மற்றதில் "மாட்டுக் கொட்டகை" என்றும் நம் ஊர்ப் பேரோடு சீட்டு ஒட்டியிருந்தது. அன்று நீ வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாயே, அது என் வாழ்நாளில் ஒரு நாள். செருப்பைக் கழற்றப் போனேன், "வேணாம்மா, இங்க செருப்பு போட்டுக்கணும்" என்றாய். கோயிலைவிடச் சுத்தமாக இருக்கிற இடத்தில் செருப்போடு நின்றேன். உண்ணி பூச்சியே இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம் என்று ஆரம்பித்தாய். ஒரு உண்ணியை எடுத்து நசுக்கி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழையைப் பிரித்து எடுப்பீர்களாம். உண்ணியின் இழையும் இருக்கும், அதன் வயிற்றில் கிருமி இருந்தால் கிருமியின் இழையும் இருக்கும். அது துளியூண்டு, அதைப் பெருக்கினால்தான் பார்க்க முடியும். அதற்கு ஒரு மிஷின். "இன்னாடி இது, நின்ன எடத்துல நின்னுகினு கொதிக்குது, ஆறுது, மறுபடி கொதிக்குது?" என்று கேட்டேன். "அதுதாம்மா வேலையே. ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்" என்றாய். எனக்குப் புரிந்துவிட்டது. சொட்டு மோரை உறை ஊற்றி வைத்தால் பானை முழுக்கத் தயிராகிறதே, அந்த மாதிரி. ஆனால் மோர் இல்லாத பாலில் எத்தனை நேரம் காத்திருந்தாலும் தயிர் வராது. கிருமி இல்லாத உண்ணியில் நீங்கள் என்ன சூடு வைத்தாலும் கிருமியின் இழை பெருகாது.

பெருகினதைப் பார்க்க, பூந்தமல்லியில் பாய் வீட்டில் நோன்புக்குச் செய்வார்களே கடல்பாசி, தொட்டால் தளதளவென்று ஆடுமே, அது மாதிரி ஒரு பலகை. அதில் குழிகுழியாக வைத்து ஊற்றி, மின்சாரம் விட்டு, ஊதா விளக்கில் காட்டினாய். கிருமி இருந்தால் கோடு தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. ஒரு குழியில் நீ வெறும் தண்ணீரை ஊற்றினாய். அது எதற்கு என்றேன். "இதுல கோடு வந்தா நம்ம கையே பொய் சொல்லுதுன்னு அர்த்தம்மா. முதல்ல நம்மள சந்தேகப்படணும்" என்றாய். வசந்தா, அந்த ஒரு குழியை அந்தத் தெருவில் அன்றைக்கு யாராவது வைத்திருந்தால்! மாடே போகாத வீட்டில் யாருக்காவது உண்ணிக் காய்ச்சல் வந்ததா என்று ஒருத்தராவது கேட்டிருந்தால்!

வீட்டுச் சுவர்க் குப்பியில் இருந்த உண்ணிகளில் கோடு வந்தது. வெள்ளையாக, பளிச்சென்று. தண்ணீர்க் குழி இருட்டாக இருந்தது. மாட்டுக் கொட்டகைக் குப்பியில் ஒன்றுமே இல்லை. நான் அங்கேயே கத்தப் போனேன், நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "அம்மா, அவசரப்படாத. அந்தக் குப்பில உண்ணியோட சொந்த இழைகூட வரல. அவன் ஸ்பிரிட்டுக்குப் பதிலா ஃபார்மலின ஊத்திட்டான். ஃபார்மலின்ல கெடந்தா எல்லாம் பிணைஞ்சு உடைஞ்சு போயிடும். அது 'இல்லை'ன்னு சொல்லல. பதிலே சொல்லல" என்றாய். செவலைக்காக ஒரு வார்த்தை சொல்ல இருந்த ஒரே சாட்சியின் வாயை அந்த உதவிக்காரன் ஒரு கை ஊற்றலில் அடைத்துவிட்டான். அவனையும் நான் மறக்கப் போவதில்லை.

அதற்காக விட்டுவிடுவேனா? நீ கொடுத்த ஸ்பிரிட்டுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு பட்டாபிராம், மிட்டினமல்லி என்று மாடு வைத்திருக்கிற வீடு வீடாகப் போய் நானே உண்ணி பிடித்துக்கொண்டு வந்தேன். "இன்னா ஆயா, வயசு காலத்துல உண்ணி யாவாரமா?" என்று கேலி செய்தார்கள். "ஆமாண்டா, எம்பொண்ணு வாங்கிக்குது, உன்னையும் ஒரு குப்பில போடட்டா?" என்றேன். தெரு நாய்களிடமிருந்து உன் ஆட்கள் பிடித்தார்கள். மாட்டு உண்ணி எதிலும் கோடு வரவில்லை. நாய் உண்ணியில் சிலதில் வந்தது. அப்புறம்தான் நீ உட்கார்ந்து விளக்கினாய். மாட்டு உண்ணி ஏறின மாட்டைவிட்டு இறங்காது, குஞ்சிலிருந்து முட்டை இடப் போகிறவரைக்கும் அங்கேயே குடித்தனம். நாய் உண்ணி அப்படி இல்லை, ஒவ்வொரு தடவை குடித்ததும் கீழே விழும், சுவரில் ஏறும், இடுக்கில் ஒளியும், பசித்தால் கிடைத்த உடம்பில் ஏறும். சுவர்க் குப்பியில் இருந்ததும் அந்த நாய் உண்ணிதான் என்றாய். இரண்டுக்கும் நாம் உண்ணி என்று ஒரே பேர் வைத்திருக்கிறோம். வாசலில் வந்து நின்றது எங்கள் மாடு, அதனால் பழி அதற்கு. வராந்தாவில் படுத்திருந்தது சீமை நாய், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டு நீ, "தெருவுல சொல்லாதம்மா. பாப்பாவைக் கடிச்ச உண்ணிய அவர் நசுக்கிட்டார், அது நம்மகிட்ட இல்ல. இதுதான் அதுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. அதோட, பெத்தவங்ககிட்டப் போய் உங்க நாய்தான்னு எப்படிம்மா சொல்றது?" என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை. நினைத்துப் பார், நான் தலைகூட ஆட்டவில்லை. உன் சந்தேகம் உன் வேலைக்கு நல்லது, அதை விடாதே. கையெழுத்துப் போடும் முன்பு இன்னும் பத்துத் தடவை சந்தேகப்படு. ஆனால் உன்மேல் ஒருத்தன் பழியைத் தூக்கிப் போட்டால் அங்கே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்காதே. உன் அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். கும்பிட்ட கைக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தாய். நீ போகிற இடத்தில் உன் பேர்ப்பலகையைப் பிடிக்காத நாலு பேர் இருப்பார்கள். ஒரு சோதனை தப்பாகப் போனால் முதலில் உன்னைத்தான் கைகாட்டுவார்கள். அன்றைக்கே, அங்கேயே, அதே குரலில் பதில் சொல். தள்ளிப்போட்டால் அது உள்ளே கிடந்து என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

நேற்றுக் காலை மாடிவீட்டுக்குப் போனேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வராந்தாவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர், "என்ன வேணும்?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரப் போகவில்லை.

"எம்பொண்ணு பெரிய ஆராய்ச்சில கீது, தெரியுமா சார்?" என்றேன்.

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"இந்த வராந்தா சுவத்துல அன்னிக்கு நோண்டி எடுத்துகினு போனாங்களே உண்ணி, அத்த இப்ப பரிசோதிச்சு பாத்துச்சு. காய்ச்சல் கிருமி அதுல கீது. அது மாட்டு உண்ணி இல்ல சார், நாய் உண்ணி. உங்க ஊட்டு நாய் உண்ணி."

களைகிற சத்தம் உள்ளே நின்றது. அவர் பேப்பரை மடிக்கவே இல்லை. "பழசையெல்லாம் எதுக்கு இப்பக் கிளறிக்கிட்டு வர்றே? அந்த நாயைத்தான் அன்னிக்கே அனுப்பிட்டேனே!" என்றார்.

ஈரக் கையோடு அந்த அம்மா வாசல்படிக்கு வந்து நின்றாள். "அனுப்பிட்டீங்களா? பாப்பா போன ஏக்கத்துல செத்துப்போச்சு, பொதைச்சிட்டேன்னு சொன்னீங்க?"

"நீ உள்ள போ."

"எதுக்கு அனுப்புனீங்க? அன்னிக்கேன்னா, என்னிக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், வீட்டில் நாய் இருக்கிறதா என்று. இவர் இல்லை என்றாராம். மாடு வாசலுக்கு வரும் என்றாராம். வீட்டுக்கு வந்ததும் தான் வேலை பார்த்த கம்பெனி லாரியில் நாயை ஏற்றி அனுப்பிவிட்டாராம். ஆசைப்பட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தது அவர்தானாம், அந்த அம்மா வேண்டாம் என்றாளாம். "உன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னுதான்" என்றார்.

ஆக, அவருக்குத் தெரியும், வசந்தா. கேட்டைத் திறந்துகொண்டு வந்து, காலை ஒடிப்பேன் என்று உன் அப்பா முன்னால் கத்தினபோதே தெரியும். நீ நினைக்கிற மாதிரி, துக்கத்தில் கண் தெரியாமல் பேசின பேச்சு இல்லை அது. பெண்டாட்டிக்குப் பயந்து ஒரு பால்காரக் குடும்பத்தை அடுப்பில் வைத்தார். உன் மிஷின் சொல்லாததை அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. ஆனால் உன் மிஷின் கோடு போடாமல் இருந்திருந்தால் நான் அந்த வராந்தாவில் கால் வைத்திருக்கமாட்டேன், அவர் வாயும் தவறியிருக்காது.

"தெருவுல வந்து சொல்லு. அன்னிக்குக் கத்தின அதே எடத்துல நின்னுகினு சொல்லு" என்றேன். என் வாயிலிருந்த "சார்" போய்விட்டது, கவனி. அவர், "என்ன வேணா கேளு, அது மட்டும் முடியாது" என்றார். அந்த அம்மா என்னைத் தாண்டிப் படி இறங்கினாள். செருப்புகூடப் போடவில்லை. குழாயடிக்குப் போனாள், அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நின்றாள். "பால்காரம்மா மாடு இல்ல. எங்க நாய். இவருக்கு அப்பவே தெரியும்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று தெரியும். அந்த அம்மா என்ன பாவம் செய்தாள் என்று கேட்பாய். துக்கம் அவளிடம் முன்பே இருந்தது. அதை யார் முகத்தைப் பார்த்து அழுவது என்றுதான் இத்தனை காலமும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். நான் கேட்டைத் தாண்டும்போது அவர் பின்னாலிருந்து, "போதுமா?" என்றார். "போதாது. சொன்னது அந்த அம்மா வாயி. எனுக்கு உன் வாயி வேணும்" என்றேன்.

அது வரும் வரைக்கும் நான் இந்தத் தெருவைவிட்டு எங்கேயும் வரமாட்டேன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வா என்று நீ கூப்பிட்டாய், இப்போது வரமாட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. இந்தப் பத்திரிகை வந்ததும் ஒரு பிரதியை அவர் கேட்டுக்குள் போடுவேன், பேர் இல்லாவிட்டாலும் அவருக்குப் புரியும். நீ எனக்குக் கடிதம் எழுது. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, அங்கே குளிர் எப்படி, உன் மிஷின் எப்படி, பெண் சாப்பிடுகிறாளா என்று எல்லாம் எழுது. "விட்டுடும்மா" என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா
முத்தாபுதுப்பேட்டை